பி.எச்.பி.: ஒரு கணினி மொழியின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்வர். கண்டுபிடித்தவரின் மேதாவிலாசத்தை விதந்துரைப்பது ஒன்று; ஒவ்வொரு கருவியும் தனக்கு முந்தியதிலும் செம்மையானதாக இருந்தமையினாலேயே நிலைபெற்றது எனக் கொள்வது மற்றையது. இவ்விரு வழிகளாலும் விளக்கிவிட முடியாத ஒரு கருவியைப் பற்றியே நாம் இங்கு நோக்க முற்படுகின்றோம். பி.எச்.பி. எனப்படும் கணினி மொழியை ஆக்கியவர், தாம் ஒரு மொழியை ஆக்க எண்ணியதேயில்லை எனக் கூறியுள்ளார். அம்மொழி செம்மையானதென்று அதனை நாள்தோறும் கையாள்வோருங்கூட அதிகம் வாதிடுவதில்லை. இருந்தும், 2021ஆம் ஆண்டளவில், எம்மொழியில் இயங்குகின்றன எனக் கண்டறியக்கூடியதாயிருந்த வலைத்தளங்களுள் முக்காற் பங்குக்கு மேற்பட்டவை அம்மொழியிலேயே இயங்கின. இது எவ்வாறு நேர்ந்தது என்ற வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. கணினித்துறை மாணவருக்குரிய விடயமாக இது தோன்றலாம். ஆயினும் உழைப்பு, உடைமை, எழுத்து ஆகிய மூன்றும் இதில் ஒருங்கே சம்பந்தப்பட்டுள்ளமையால் சமூகவியல் நோக்குடையோரும் கவனிக்க வேண்டியதாகின்றது.

முதலில் அம்மொழி தோன்றிய சூழலைச் சுருக்கமாகக் காண்போம். 1993 ஏப்பிரில் 30ஆம் நாள், ஜெனீவாவை அடுத்துள்ள சேர்ன் ஆய்வுகூடம், அங்கு ரிம் பேர்ணர்ஸ்-லீ உருவாக்கியிருந்த உலகளாவிய வலையின் மென்பொருளை எவரும் உரிமைக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அன்றைய வலைப்பக்கம் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை ஒத்தது. வாசகர் கேட்பார், வழங்கிக் கணினி தன்னிடமுள்ள கோப்பை எடுத்து அனுப்பும். கேட்டவர் யார், முன்னர் வந்தவரா, எதனைத் தேடி வந்தார் என்பவற்றுக்கேற்ப அப்பக்கம் மாறுவதில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு அதே ஆண்டில் இல்லினோய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த என்.சி.எஸ்.ஏ. நிலையத்தில் சி.ஜி.ஐ. என்னும் முறை வகுக்கப்பட்டது. இதன்படி, வாசகரின் வேண்டுகோள் வந்ததும் வழங்கி ஒரு நிரலை இயக்கும். அந்நிரல் வெளியிடுவதே பக்கமாகி வாசகரைச் சென்றடையும்.

இம்முறையின் தொழிற்பாட்டில் இரு இடர்ப்பாடுகள் இருந்தன. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரலைப் புதிதாகத் தொடக்கவேண்டியிருந்ததால் வழங்கிக்குப் பெருஞ்சுமை ஏற்பட்டது. அதனிலும் முக்கியமானது, பக்கம் நிரலின் வயிற்றுக்குள் அகப்பட்டுக் கிடந்தமையாகும். சி மொழியிலோ பேர்ள் மொழியிலோ எழுதப்பட்ட நிரலொன்றின் இடையிடையே, பக்கத்தின் தலைப்பும் பந்திகளும் அச்சிடும் கட்டளைகளாகச் சிதறிக் கிடக்கும். ஒரு தலைப்பின் நிறத்தை மாற்றவேண்டுமாயினும் நிரலாளரை நாடவேண்டும். பக்கத்தை ஆக்குபவர் ஒருவர், அதனை இயக்கும் அறிவுடையவர் வேறொருவர் என்ற வேலைப் பிரிவினை வலையின் குழந்தைப் பருவத்திலேயே தோன்றிவிட்டதை இங்கு அவதானிக்கலாம்.

றஸ்மஸ் லேர்டோர்ப் 1968ஆம் ஆண்டு கிறீன்லாந்தின் கெகெர்தார்சுவாக் என்னும் தீவூரில் பிறந்தவர். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் 1993இல் பொறியியற் பட்டம் பெற்றவர். 1994இல் அவர் தமது தன்விபரக் கோவையை வலையில் இட்டார். அதனை எவரெவர் வந்து பார்க்கின்றனர் என அறிய விரும்பிச் சி மொழியிற் சில சிறு நிரல்களை எழுதினார். வேலை தேடும் இளம் பட்டதாரியொருவரின் இயல்பான ஆவலே இது. நமது பட்டதாரிகளுக்கும் அந்நியமானதன்று. பிறர் அந்நிரல்களைக் கேட்கவே, 1995 யூன் 8ஆம் நாள் 'தனியாள் முகப்புப் பக்கக் கருவிகள்' என்று பொருள்படும் பெயருடன், மூலநிரலோடு சேர்த்து யூஸ்நெற் கலந்துரையாடற் குழுவொன்றின் மூலம் பகிரங்கப்படுத்தினார். அவ்வாங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களே பி.எச்.பி. ஆயின.

அவ்வாரம்ப நிலையின் தடயங்கள் இன்றும் அம்மொழியில் உள்ளன. அதன் செயலிகளின் பெயர்களில் ஓர் ஒழுங்கில்லை எனப் பலரும் குறைகூறுவர். சில பெயர்களில் அடிக்கோடு இருக்கும், சிலவற்றில் இராது. சில சுருங்கியவை, சில காரணமின்றி நீண்டவை. 2013இல் லேர்டோர்ப் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மொழியில் நூறு செயலிகளுங்கூட இல்லாதிருந்த காலத்தில், ஒரு செயலியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கு அதன் பெயரிலுள்ள எழுத்துக்களின் எண்ணிக்கையே சுட்டியாகப் பயன்பட்டதாம். ஒரே நீளமுள்ள பெயர்கள் பெருகினால் தேடல் தாமதமாகும் என்பதால் வெவ்வேறு நீளமுள்ள பெயர்கள் வேண்டுமென்றே சூட்டப்பட்டன. கட்டடம் எழுந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் சாரக்கட்டின் கம்பு ஒன்று சுவரினுள் நிற்பது போன்றது இது.

1995 செப்டெம்பரில் லேர்டோர்ப் தம் நிரல்களை விரிவாக்கி, பக்கத்தினுள்ளேயே கட்டளைகளைப் பொதித்து எழுதும் முறையைப் புகுத்தினார். 1996இல் அது 'பி.எச்.பி./எப்.ஐ.' என்ற பெயர் பெற்றது. எம்.எஸ்.கியூ.எல்., போஸ்ற்கிறெஸ்95 முதலிய தரவுத்தளங்களோடு பேசும் ஆற்றலும் அதற்கு வாய்த்தது. பொதித்தெழுதும் இம்முறையை அவர் மட்டுமே கண்டார் என்று கொள்ளலாகாது. 1995இலேயே அலயர் சகோதரர்களின் 'கோல்ட்பியூசன்' விற்பனைக்கு வந்துவிட்டது. 1996 இறுதியில் மைக்றோசொப்ட் நிறுவனம் 'ஏ.எஸ்.பி.' என்னும் தனது முறையை வெளியிட்டது. காலத்தின் தேவை முதிரும்போது ஒரே கருத்து பல இடங்களில் ஒருங்கே முளைப்பது வரலாற்றில் நாம் அடிக்கடி காண்பதே. முந்தைய முறையில் நிரலுக்குள் பக்கம் இருந்தது. இப்போது பக்கத்துக்குள் நிரல் இருந்தது. பக்கம் ஆக்கத் தெரிந்த ஒருவர், இரண்டொரு வரிகளை இடையிற் சேர்த்து, அன்றைய தேதியையோ தரவுத்தளத்திலுள்ள பெயர்ப்பட்டியலையோ அப்பக்கத்தில் தோன்றச் செய்துவிடலாம். மேலே கூறிய வேலைப் பிரிவினை இங்கேதான் முதன்முதலில் உடைந்தது. கோல்ட்பியூசனை விலைகொடுத்து வாங்கவேண்டும், ஏ.எஸ்.பி. மைக்றோசொப்டின் வழங்கியோடு பிணைந்தது. பி.எச்.பி.க்கு விலையுமில்லை, பிணைப்புமில்லை.

1997இல் வரலாறு இஸ்ரேலுக்கு மாறுகின்றது. அங்கு சீவ் சுரஸ்கி, அண்டி குட்மன்ஸ் என்னும் இரு மாணவர் தம் பல்கலைக்கழகச் செயற்றிட்டமொன்றுக்காக இணைய வணிக மென்பொருளொன்றை ஆக்க முற்பட்டனர். பி.எச்.பி./எப்.ஐ. அதற்கு ஈடுகொடாமையால் மொழியின் பகுப்பானை அடியிலிருந்து மீள எழுதத் தலைப்பட்டனர். லேர்டோர்ப் தமது பிள்ளையைப் பிறர் கையிற் கொடுக்கத் தயங்காதது குறிப்பிடத்தக்கது. மூவரும் கூடி இயங்கினர். 1998 யூனில் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது. 'தனியாள் முகப்புப் பக்கம்' என்ற பொருள் கைவிடப்பட்டு, தன் பெயருக்குள் தன்னையே அடக்கிய ஒரு விரிவு சூட்டப்பட்டது. 2000 மே மாதம் வெளிவந்த நான்காம் பதிப்பின் இயக்குபொறி அவ்விருவரின் பெயர்களை இணைத்து 'சென்ட்' எனப்பட்டது. அப்பெயரிலேயே அவர்கள் 1999இல் ஒரு கம்பனியையும் தொடங்கியிருந்தனர். இரட்டை முக்காற்புள்ளியைக் குறிக்க அவர்கள் இட்ட எபிரேயப் பெயர் நீண்ட காலமாக மொழியின் பிழைச்செய்திகளில் அப்படியே இருந்தது. உலகெங்குமுள்ள நிரலாளர் 'பாமாயிம் நெக்குடோதாயிம்' என்ற சொற்றொடரைக் கண்டு திகைத்துத் தம் நிரலில் என்ன கேடு நேர்ந்ததோ என அஞ்சினர். ஆங்கிலமே எங்கும் நிறைந்திருக்கும் இத்துறையில் இன்னொரு மொழியின் சொல்லொன்று தற்செயலாக நிலைத்துவிட்டதை எண்ணி நாம் புன்னகை புரியலாம்.

இனி, இம்மொழி பரவியமைக்கான பௌதிக அடிப்படையை நோக்குவோம். எம் கருத்துப்படி இவ்வரலாற்றின் முதன்மையான பகுதி இதுவே. 1990களின் பிற்பகுதியில் லினக்ஸ் இயங்குதளம், அப்பாச்சி வழங்கி மென்பொருள், மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் ஆகியன பணமின்றிப் பெறக்கூடியனவாயிருந்தன. இவற்றோடு பி.எச்.பி.யும் சேர்ந்த நால்வர் கூட்டுக்கு 1998இல் ஜேர்மன் சஞ்சிகையொன்று 'லாம்ப்' எனப் பெயரிட்டது. அக்கூட்டில் பி.எச்.பி. அப்பாச்சியின் உள்ளுறுப்பாகவே அமர்ந்து இயங்கியது. வேண்டுகோள்தோறும் புதிய நிரலைத் தொடக்கும் செலவு இதனால் நீங்கியது. அத்துடன், ஒரு வேண்டுகோள் முடிந்தவுடன் அதற்கென ஒதுக்கிய நினைவகம் முழுவதையும் அது துடைத்தெறிந்துவிடும். அடுத்த வேண்டுகோள் வெற்றுப் பலகையிலிருந்து தொடங்கும். ஒருவரின் நிரலில் வழு இருப்பினும் அதன் தீமை பெரும்பாலும் அக்கணத்தோடு முடிந்துவிடும்.

இப்பண்பு சொல்லளவிற் சிறியது, விளைவிற் பெரியது. ஒரே கணினியில் ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானோரின் தளங்களைக் குடியமர்த்துவது இதனாற் சாத்தியமாயிற்று. வாடகையைப் பலரிடையே பங்கிட்டால் தலைக்கு வரும் தொகை மிகச் சிறிது. மாதம் சில டொலர்களுக்கு வலையில் ஓர் இடமும் அதனோடு தரவுத்தளமும் கிடைத்தன. ஜாவா போன்றவற்றில் எழுதிய நிரலை இயக்கவோ தனிக் கணினியும் நிருவாகியும் வேண்டியிருந்தது. எனவே கம்பனிகளும் வங்கிகளும் ஒரு மொழியைக் கைக்கொள்ள, பள்ளி ஆசிரியரும் சிறு பத்திரிகையாளரும் மாணவரும் சங்கங்களும் இன்னொரு மொழியைக் கைக்கொண்டனர். பி.எச்.பி. தகுதியிற் குறைந்தது என்ற எண்ணம் கணினித்துறைப் பட்டதாரிகளிடையே வேரூன்றியதற்கு அதன் இலக்கணக் குறைகள் மட்டும் காரணமல்ல. அதனைப் பேசியோரின் சமூகத் தராதரமும் ஒரு காரணம் என்பதே எமது துணிபு. பேச்சுவழக்கை இழிசனர் வழக்கெனத் தள்ளிய பண்டிதர் மரபை அறிந்த தமிழ் வாசகருக்கு இதனை விரித்துரைக்கவேண்டியதில்லை.

எனினும் குறைகளை மறைப்பது ஆய்வாளருக்கு அழகன்று. 'பதிவு மாறிகளைப் பொதுவாக்கல்' எனப் பொருள்படும் அமைப்பொன்று தொடக்ககாலப் பதிப்புக்களில் இயல்பாகவே இயங்கிக் கொண்டிருந்தது. வாசகர் படிவத்தில் நிரப்பும் ஒவ்வொரு விடயமும் நிரலுக்குள் அதே பெயருடைய மாறியாகத் தானே தோன்றிவிடும். கற்பதற்கு இதனினும் எளிது வேறில்லை. ஆனால், பயனர் அனுமதி பெற்றவரா என்பதைக் குறிக்கும் மாறியின் பெயரை ஒருவர் ஊகித்து, முகவரியின் ஈற்றில் அப்பெயரையும் 1 என்ற எண்ணையும் சேர்த்தெழுதினால், கவனமின்றி எழுதப்பட்ட நிரல் அவரை அனுமதி பெற்றவராகவே கொண்டு கதவைத் திறந்துவிடும். 2002இல் 4.2 பதிப்பில் இவ்வமைப்பு இயல்பு நிலையிலிருந்து அகற்றப்பட்டது. முற்றாக நீங்கியது 2012இல் 5.4 பதிப்பிலேயே. வாசகர் தரும் சொற்களைத் தரவுத்தளக் கட்டளையோடு நேரே ஒட்டி எழுதும் பழக்கம் இதனிலும் பரவலான கேடு. பெயர் கேட்ட இடத்தில் ஒருவர் கட்டளைத் துணுக்கொன்றை எழுதினால் தரவுத்தளம் அதனையும் கட்டளையாகவே ஏற்கும். இதனைத் தடுக்க, மேற்கோட்குறிகளின் முன் தானாகவே சாய்கோடு இடும் ஒரு 'மந்திர' ஏற்பாடு மொழியிற் செய்யப்பட்டது. ஆபத்தை அது முற்றாகத் தடுக்கவுமில்லை. தரவுகளிற் தேவையற்ற சாய்கோடுகளை நிறைத்ததுதான் மிச்சம். கட்டளையையும் தரவையும் வேறுபிரித்து அனுப்பும் 'பி.டி.ஓ.' என்ற முறை 2005இல் மொழியோடு இணைந்தது. ஆனால் இணையத்திற் கிடந்த பழைய பாடங்களிலிருந்தே கற்றவர்கள் நெடுங்காலம் பழைய வழியிலேயே எழுதினர். எளிதாகக் கிடைக்கும் கருவியோடு அதனைக் கையாளும் கல்வியும் எளிதாகக் கிடைத்தாலன்றி, பயனாளரின் தரவுகளே பலியாகும்.

உடைமைப் பிரச்சினைக்கு வருவோம். மைஎஸ்கியூஎல் சுவீடனில் ஒரு கம்பனியால் வளர்க்கப்பட்டது. அதன் முதன்மை ஆக்குநரான மைக்கேல் விடேனியஸ் பின்லாந்துக்காரர். பெயரின் முற்பகுதியான 'மை' அவருடைய மகளின் பெயர். 2008இல் சன் மைக்றோசிஸ்டம்ஸ் நிறுவனம் அக்கம்பனியைச் சுமார் 100 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது. 2010 சனவரியில் சன் நிறுவனம் ஒரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. விலைமிக்க தரவுத்தளங்களை விற்பதிலேயே செல்வம் திரட்டிய நிறுவனத்தின் கையில் ஏழைகளின் தரவுத்தளம் வந்து சேர்ந்தது. மூலநிரல் பொதுவுரிமத்தின் கீழ் இருந்தமையால் விடேனியஸ் அதனைக் கிளைபிரித்து, இளைய மகளின் பெயரால் 'மரியாடிபி' எனத் தொடர முடிந்தது. உரிமம் என்பது வெறும் சட்டத் தாளன்று என்பதற்கு இதனை விடச் சான்று வேண்டுவதில்லை.

பி.எச்.பி.யின் நிலை சற்று வேறு. முதற் பதிப்புக்கள் அப்பொதுவுரிமத்தின் கீழ் வெளிவந்தன. நான்காம் பதிப்பிலிருந்து, பெற்றவர் தம் மாற்றங்களைத் திரும்பக் கொடுக்கவேண்டுமென்ற நிபந்தனையற்ற தளர்ந்த உரிமமொன்று வழங்கியது. பழைய உரிமம் நீடித்திருந்தாலும் இவ்விடத்தில் அதிகம் மாறியிராது என்பதையும் கூறவேண்டும். அந்நிபந்தனை மென்பொருளைப் பிறருக்கு வழங்கும்போதுதான் செயற்படும். தன் கணினியிலேயே வைத்துச் சேவையாக விற்பவரை அது கட்டுப்படுத்தாது. 2004இல் ஹார்வட் மாணவர் விடுதியில் பி.எச்.பி.யில் தொடங்கிய பேஸ்புக், சில ஆண்டுகளிற் கோடிக்கணக்கானோரின் தரவுகளைத் தன்னிடம் குவித்துக்கொண்டது இவ்வாறே. ஆயிரக்கணக்கானோரின் கூலியற்ற உழைப்பில் உருவான பொதுச் சொத்து, தனியார் மூலதனத்தின் அடித்தளமாயிற்று. ஆனால் வரலாறு ஒருவழிப் பாதையன்று. வழங்கிகளின் செலவைக் குறைக்க விரும்பிய அந்நிறுவனம், பி.எச்.பி. நிரலைச் சி++ மொழிக்கு மாற்றும் 'ஹிப்ஹொப்' என்ற மென்பொருளை 2010இல் பகிரங்கப்படுத்தியது. பின்னர் தனக்கென ஓர் இயக்குபொறியையும், 2014இல் 'ஹக்' என்ற கிளைமொழியையும் வெளியிட்டது. மூலமொழி வழக்கொழிந்துபோமோ என்ற அச்சம் அவ்வேளை பலரிடம் நிலவியது. திமித்ரி ஸ்ரோகொவ் முதலிய சிலர் இயக்குபொறியின் உள்ளமைப்பை மீள எழுதினர். 2015 டிசெம்பரில் வெளிவந்த ஏழாம் பதிப்பு முந்தையதினும் ஏறத்தாழ இருமடங்கு வேகமுடையதாயிருந்தது. பேஸ்புக்கின் இயக்குபொறி 2019இல் பி.எச்.பி.யைத் தாங்குவதையே கைவிட்டது.

ஐந்தாம் பதிப்பின் பின் ஏழாம் பதிப்பு வந்தது எவ்வாறு என வாசகர் கேட்கக்கூடும். ஆறாம் பதிப்பு வெளிவரவேயில்லை. அது பிறவாத கதை தமிழருக்கு நேரடியாகச் சம்பந்தமுடையது. அதனைப் பின்னர் காண்போம்.

அதற்குமுன் எமது நாட்டின் வரலாற்றோடு இம்மொழி தொடர்புறும் இடமொன்றைக் கூறல் வேண்டும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையின் கரையோரங்களில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுசென்றது. ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் இடம்பெயர்ந்தனர். எந்த முகாமில் எத்தனை பேர், எவரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே என்ன செய்கின்றது, எங்கே எப்பொருள் தேவை என்பன ஒருவருக்கும் முழுமையாகத் தெரியாதிருந்தன. அவ்வேளை லங்கா மென்பொருள் மன்றத்தின் முன்முயற்சியில் நாட்டின் கணினித்துறைத் தொண்டர்கள் ஒன்றுகூடி, சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை ஆக்கினர். காணாமற் போனோர் பதிவு, முகாம் பதிவு, நிவாரண அமைப்புக்களின் பதிவு, உதவிக் கோரிக்கைகளின் பதிவு என்பன அதன் பகுதிகள். 'நிவாரணம்' எனப் பொருள்படும் 'சகன' என்ற சிங்களச் சொல்லால் அது பெயர் பெற்றது. அது எழுதப்பட்ட மொழி பி.எச்.பி.; தரவுத்தளம் மைஎஸ்கியூஎல்.

இத்தெரிவை நாம் தற்செயலெனக் கொள்ளவில்லை. நாள்கள் முக்கியமாயிருந்த வேளையில், உரிமம் வாங்க எவரிடமும் கேட்கவேண்டியிராத, எந்தப் பழைய கணினியிலும் இயங்கக்கூடிய, கூடியிருந்தோருட் பலருக்கும் பரிச்சயமான கருவியே தேவைப்பட்டது. மொழியின் செம்மை பற்றிய விவாதத்துக்கு அங்கு இடமிருந்திராது. மூலநிரல் திறந்திருந்தமையால் அது இந்நாட்டோடு நின்றுவிடவுமில்லை. 2005 ஒக்ரோபரில் காசுமீர் நிலநடுக்கத்தின் பின் பாகிஸ்தானிலும், 2006இல் பிலிப்பைன்சின் தென் லெய்ற்றே மண்சரிவின் பின்னும், அதே ஆண்டில் யாவாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்தின் பின்னும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனவுக்கு அளித்தது. பிற்காலத்தில் அதன் முதன்மைக் கிளை பைதன் மொழிக்கு மாறிற்று. தென்னாசியாவின் சிறு நாடொன்று மென்பொருளைப் பெறும் நாடாக மட்டுமன்றித் தரும் நாடாகவும் நின்ற அரிய தருணங்களுள் இது ஒன்று. எம்மவர் எழுதும் வரலாறுகளில் இதற்கு உரிய இடம் கிடைத்ததாக நாம் கருதவில்லை.

இனி, பிறவாத ஆறாம் பதிப்பு. பி.எச்.பி. எழுத்தை எழுத்தாக அறிவதில்லை. பைற்றுக்களின் வரிசையாகவே அறியும். ஆங்கிலத்தில் ஓரெழுத்து ஒரு பைற்று என்பதால் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். யுனிக்கோட்டின் யூ.ரி.எப்.-8 குறிமுறையிலோ தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைற்றுக்களைக் கொள்வது. 'தமிழ்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். த, ம, இகர விசிறி, ழ, புள்ளி என ஐந்து குறிகள், பதினைந்து பைற்றுக்கள். மொழியின் நீளங்காணும் இயல்பான செயலியிடம் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று விடை தரும். பல்பைற்றுச் செயலி 5 என்னும். தொல்காப்பியரின் வழிவந்த சிறுவனோ மூன்றெழுத்து என்பான். செய்தியொன்றின் முதற் பத்து அலகுகளை மட்டும் முகப்பிற் காட்டு என நிரலுக்குக் கட்டளையிட்டால், 'தமி' என்பதன் பின் ழகரத்தின் மூன்று பைற்றுக்களுள் ஒன்று மட்டும் அறுபட்டு நிற்கும். அவ்விடத்தில் உலாவி ஒரு கேள்விக்குறியையோ கறுப்புக் கட்டத்தையோ காட்டும். தமிழ்த் தளங்களை நடத்திய எவரும் அக்கட்டத்தை அறிவர்.

இக்குறையை வேரோடு களைவதே ஆறாம் பதிப்பின் நோக்கமாயிருந்தது. 2005 முதல் அந்திரேய் சிமியெவ்ஸ்கி முதலியோர் மொழியின் உள்ளீடு முழுவதையும் யுனிக்கோட்டுக்கு மாற்ற முயன்றனர். அவர்கள் தெரிந்த குறிமுறை ஆங்கில எழுத்துக்கும் இரு பைற்றுக்களை வேண்டியது. நினைவகச் செலவு கூடிற்று, வேகம் குன்றிற்று, எல்லாவற்றையும் இடையறாது உருமாற்றவேண்டியிருந்தது. தன்னார்வ உழைப்பில் நடந்த திட்டமாகையால், பயனை உடனே உணராதவரின் ஆர்வம் வற்றியது. 2010 மார்ச்சில் முயற்சி கைவிடப்பட்டது. இதற்கிடையில் ஆறாம் பதிப்பைக் கற்பிக்கும் நூல்கள் சந்தைக்கு வந்துவிட்டிருந்தன. இல்லாத மொழிக்கு இலக்கணம் எழுதப்பட்ட விந்தை அது. 2014இல் அடுத்த பதிப்புக்கு எண் சூட்டுவது வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது ஏழே வென்றது. எவரும் தமிழை ஒதுக்கத் திட்டமிடவில்லை. ஆயினும் பெரும்பான்மையோருக்குச் செலவாகவும் சிறுபான்மையோருக்குப் பயனாகவும் அமையும் மாற்றம் தன்னார்வத்தால் மட்டும் நிறைவேறுமா என்ற வினா இங்கு எழாமலில்லை. இலங்கையராகிய நமக்கு அது புதிய வினாவுமன்று.

தன்னார்வத்தின் எல்லை 2021இல் இன்னொரு வகையிலும் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் மொழியின் மூலநிரற் களஞ்சியத்துக்குள் எவரோ புகுந்து, லேர்டோர்ப்பின் பெயராலும் நிக்கிற்றா பொப்பொவின் பெயராலும் தீய வரிகளைச் சேர்த்தனர். பிறர் விரைவிற் கண்டு நீக்கினர்; களஞ்சியம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. மே மாதத்தில், இயக்குபொறியின் ஆழமான பகுதிகளை நன்கறிந்தோர் உலகில் இருவரே எஞ்சியுள்ளனர் என அத்திட்டத்தின் உள்ளிருந்தே எச்சரிக்கை எழுந்தது. அவ்விருவருள் ஒருவரான பொப்பொவ் வேறு பணிக்குச் செல்வதாக நவம்பரில் அறிவித்தார். வலையின் பெரும்பகுதியைத் தாங்கிய தூணை இருவர் தோளிற் சுமந்திருந்தமை அப்போதுதான் பலருக்கு உறைத்தது. அம்மாதமே சில கம்பனிகள் சேர்ந்து, ஆக்குநருக்குக் கூலி கொடுக்கும் பொருட்டு ஒரு மன்றத்தை அமைத்தன. இலவசமெனப்பட்டதன் விலை கால் நூற்றாண்டின் பின் கணக்கில் எழுதப்பட்டது. கம்பனிகளின் பணம் மொழியின் போக்கை எத்திசையில் ஈர்க்கும் என்பது தனியே ஆராயத்தக்கது.

இக்குறைகளோடேயே தமிழ் இம்மொழியிற் குடிபுகுந்தது. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியின் முன்னோடியை மக்னஸ் மன்ஸ்கே என்ற ஜேர்மன் மாணவர் பி.எச்.பி.யில் எழுதினார், 2002 சனவரியில் அது இயங்கத் தொடங்கியது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா தோன்றியது. அதே ஆண்டில் வேர்ட்பிரஸ் வெளிவந்து, தமிழில் எழுதுவோர் பலருக்குத் தாமே பதிப்பாளராகும் வாய்ப்பை அளித்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவிற் சேர்த்துவைக்க மீடியாவிக்கியையே கைக்கொண்டது. 1981இல் யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தைத் தீக்கிரையாகக் கண்ட சமூகத்துக்கு, ஒரே இடத்தில் இல்லாத நூலகம் என்பதன் பொருள் என்னவென்று சொல்லத் தேவையில்லை. அத்தளத்தில் ஒரு நூலின் பக்கத்துக்குரிய முகவரியை உற்று நோக்குவோர், இடையில் 'இண்டெக்ஸ்' என்ற சொல்லையும் அதன்பின் ஒரு புள்ளியையும் பி.எச்.பி. என்ற மூன்றெழுத்துக்களையும் காணலாம்.

2024 நவம்பரில் 8.4 பதிப்பு வெளிவந்தது. சொல்லொன்றை வாசகர் காணும் எழுத்துக்களாகவே பிரித்துத் தரும் செயலியொன்று, சர்வதேச வழக்குகளுக்கான துணைப்பொதியில், அப்பதிப்போடு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதனிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால் த, மி, ழ் என மூன்றாகத் திருப்பித் தருகின்றது. நீளங்காணும் பழைய செயலி இன்றும் பதினைந்து என்றே கூறுகின்றது.